சாசேஜ் வண்டியும் பாதுகாப்பு அமைச்சரும்

டிட்லெவ் க்ரோ பாதுகாப்பு அமைச்சராகிவிட்டார் என்று ரேடியோவில் சொன்னபோது எப்பெ ராவ்ன்ஹோல்ட் தன் பெயிண்ட் கடையில் பாதிரியார் வீட்டுக் கதவுக்குப் பச்சை கலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு சொட்டு கறுப்பு விடவேண்டிய இடத்தில் அரை டப்பா விட்டுவிட்டார். பாதிரியாரும் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லாமல் வாங்கிப்போய் அடித்தார். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள், உள்ளே யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"போடில்! கேட்டியா? அவனைப் போய்ப் பாதுகாப்புல போட்டிருக்கானுங்க!"

கடையின் பின்பக்கம் சுவர்த்தாள் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி போடில் தலை நிமிரவில்லை. அந்த வீட்டில் 'அவன்' என்றால் ஒரே ஒரு ஆள்தான்.

"நல்லதாப் போச்சு. மீன்வளத்துல இருந்தப்ப கப்பல் கப்பலா ஏறி வாந்தி எடுத்தான். இனிமே தரையில நிக்கலாம்."

"பட்டாளத்து வாசப்படிய மிதிக்காதவன், போடில்! துப்பாக்கிக்கு எது முன்பக்கம்னு தெரியாதவன்!"

"உனக்குத் தெரியும். என்ன பிரயோஜனம்? அந்தப் பச்சையப் பாரு, கறுத்துப் போச்சு."

ஸ்டென்விக் ஊரில் இருவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு டிட்லெவ் போன பாதை நாட்டுக்கே தெரியும். நகரசபை, நாடாளுமன்றம், மீன்வள அமைச்சர், தேவாலய அமைச்சர். எந்தத் துறைக்குப் போனாலும் அதைப் பற்றித் தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார். தேவாலய அமைச்சரானபோது, "நான் கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் கோயிலுக்குப் போவேன், அதுவும் குளிருக்கு இதமா இருக்குமேன்னு" என்றார். மறுவாரமே செல்வாக்கு ஏறியது. என்ன செய்வது, அந்த நாட்டில் பெரிய மனிதனாக ஒரே வழி, தான் பெரிய மனிதனே இல்லை என்று நாலு பேர் பார்க்கும்படி நிரூபிப்பதுதான். அதில் டிட்லெவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அரண்மனைக்குப் பதவியேற்கச் சைக்கிளில் போனார். சைக்கிளுக்குப் பின்னால் அமைச்சகக் கார் மெதுவாக ஊர்ந்து போனது. அதில் அவருடைய குடை, மாற்று ஷூ, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு, பம்பைப் பிடிக்க ஒரு அதிகாரி எல்லாம் இருந்தன. பிறகு அமைச்சகத்தில், பழைய அமைச்சர் புதியவருக்கு வேடிக்கையாக ஒரு பரிசு கொடுத்துச் சாவியை ஒப்படைக்கும் சடங்கு. பழையவர் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். டிட்லெவ் அதை அங்கேயே மாட்டிக்கொண்டு பேசினார்.

"ராணுவத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்காங்கன்னு நாம எல்லாரும் பாத்துட்டோம். அதனால நான் திறந்த மனசோட வர்றேன். என் மனசு இவ்வளவு திறந்து இருக்கிறதுக்குக் காரணம், உள்ள எதுவுமே இல்லாததுதான்."

தளபதிகள் உள்பட எல்லோரும் கைதட்டினார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எப்பெ தொண்டையில் மீன் முள் சிக்கியவர் போல எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

எப்பெயின் வயிற்றெரிச்சலுக்கு நியாயம் உண்டு. அதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். பதினெட்டு வயதில் இருவரும் பட்டாளச் சீட்டு எடுக்கப் போனார்கள். உருளையில் கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கவேண்டும். சின்ன எண் வந்தால் பட்டாளம். பெரிய எண் வந்தால் வீட்டுக்குப் போகலாம். வரிசையில் முன்னால் டிட்லெவ், பின்னால் எப்பெ. இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது வெளியே சாசேஜ் வண்டி வந்து நின்றது. வறுத்த வெங்காய வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"எப்பெ, நீ முன்னாடி போடா. நான் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்" என்று டிட்லெவ் வெளியே ஓடினார்.

எப்பெ முன்னால் போனார். கையை விட்டார். சின்ன எண். வாயில் சாசேஜோடு திரும்பி வந்த டிட்லெவ், கடுகுச் சாந்து ஒட்டிய விரலால் அடுத்த சீட்டை எடுத்தார். அந்த உருளையிலேயே அதைவிடப் பெரிய எண் கிடையாது. நியாயமாக அது யாருடைய சீட்டு? வரிசையில் இரண்டாவதாக நின்றவனுடைய சீட்டு. அதாவது எப்பெயுடைய சீட்டு. டிட்லெவ் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போனார். எப்பெ பத்து மாதம் முகாமில் உருளைக்கிழங்கு உரித்தார், காலியான ஒரு கொட்டகைக்குக் காவல் இருந்தார். திரும்பி வந்தபோது படிக்க இடமும் இல்லை, அப்பாவின் பெயிண்ட் கடையைப் பார்க்க ஆளும் இல்லை.

"ஒரு சாசேஜ், போடில். ஒரே ஒரு சாசேஜ் என் வாழ்க்கையத் தின்னுடுச்சு" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

*

டிட்லெவுக்கு அறுபது வயது ஆகப்போகிற வருஷம், அமைச்சகத்திலிருந்து போன் வந்தது.

"எப்பெதானே? நான் அக்னெத்தெ. இங்க கொண்டாட்டப் பிரிவோட தலைவி. உனக்கு அஞ்சு நிமிஷம் இருக்கா?"

அங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். அமைச்சர் வாசல் காவலாளிக்கு நீ, காவலாளி அமைச்சருக்கு நீ. யார் பெரியவர் என்பதை யார் போனை முதலில் வைக்கிறார் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

"டிட்லெவ் ரொம்ப எளிமையான மனுஷன்" என்றார் அக்னெத்தெ. "பிறந்த நாளே வேண்டாம், ஒரு காப்பி போதும்னு சொல்லிட்டாரு. அதனால நானூறு பேரை மட்டும்தான் கூப்பிடறோம். பாட்டு ஒண்ணு வேணும். அவரோட வாழ்க்கை, பதவி, எல்லாம் வரணும். நீதான் எழுதணும்னு அவரே ஆசைப்படறாரு."

பாட்டில்லாத பிறந்த நாள் அந்த நாட்டில் செல்லாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, விழா நாயகனின் பிறப்பு, சில்மிஷம், கல்யாணம், தொப்பை எல்லாவற்றையும் கண்ணி கண்ணியாக எழுதி, அச்சடித்து, ஆளுக்கொரு தாள் கொடுத்து எல்லோரும் சேர்ந்து பாடவேண்டும். ஸ்டென்விக் வட்டாரத்தில் அப்படிப் பாட்டு எழுத எப்பெயை விட்டால் ஆள் இல்லை. எத்தனையோ வெள்ளிவிழாத் தம்பதிகளை அழவைத்தவர் அவர்.

போனை வைத்ததும் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"எழுதப் போறேன், போடில். பாட்டுல ஒரே ஒரு கண்ணி. அந்த வரிசை, அந்த சாசேஜ், அந்தச் சீட்டு. நாட்டுல இருக்கிற தளபதி எல்லாம் எழுந்து நின்னு, வாய் நிறையப் பாடணும். அவன் முன்னாடியே! அப்ப அவன் மூஞ்சிய நான் பாக்கணும். அது போதும் எனக்கு."

"அறுபது வயசு ஆளு பேசற பேச்சா இது? வாழ்த்தக் கூப்பிட்டா வாழ்த்திட்டு வா."

"வாழ்த்துதான். மூணு கண்ணி வாழ்த்து, ஒரு கண்ணி உண்மை."

உட்கார்ந்தார், எழுதினார். முதல் மூன்று கண்ணி அரை மணியில் வந்துவிட்டது. நாலாவதுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் இப்படி நின்றது:

வரிசையில் முன்னே நின்றது டிட்லெவ்,
வறுத்த வாசம் பிடித்தது டிட்லெவ்;
'நீ போ முன்னே' என்றது டிட்லெவ்,
நான் போனேன் பட்டாளம், மேலே போனது டிட்லெவ்!

படித்துப் பார்த்தார். மார்பு லேசாயிற்று. அனுப்பிவிட்டார்.

*

பாட்டை ஒட்டி ஒரு சின்னக் கலந்துரையாடல், கோபன்ஹேகனுக்கு வந்துவிட்டுப் போக முடியுமா என்று அக்னெத்தெ கேட்டார். எப்பெ போனார். நீள மேஜை. லவங்கப்பட்டை ரொட்டி, பிளாஸ்கில் காப்பி. மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர். தன் பாட்டில் மொத்த வரிகளே பதினாறுதான் என்பது எப்பெயின் நினைவுக்கு வந்தது.

"எல்லாருக்கும் பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று அக்னெத்தெ ஆரம்பித்தார். "அதனால மாத்த வேண்டியது கொஞ்சம்தான்."

முதல் கண்ணி, டிட்லெவின் பிறப்பு. 'கடலோரம் பிறந்தானே, படகு மூன்று பார்த்தானே' என்று எழுதியிருந்தார். ரகசியப் பாதுகாப்புப் பிரிவு அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"படகு மூணுன்னு எண்ணிக்கை குடுத்திருக்கியே. நம்ம கரையில எத்தனை கலம் இருக்குங்கறதை அமைச்சகம் உறுதிப்படுத்தறதும் இல்ல, மறுக்கறதும் இல்ல."

"அது மீன் பிடிக்கற படகும்மா. அறுபது வருஷத்துக்கு முந்தினது. அதுல ஒண்ணு எங்க மாமாவோடது, ஓட்டைப் படகு."

"ஓட்டையா?" அவர் பேனாவை எடுத்தார். "அப்ப அது தயார்நிலை பத்தின தகவல். இன்னும் மோசம்."

'படகு மூன்று' என்பது 'போதுமான படகு' ஆயிற்று. அடுத்துச் சட்டப் பிரிவுக்காரர். 'அம்மாவுக்கு நல்ல பிள்ளை' என்ற வரிக்கு ஆதாரம் கேட்டார்.

"அவங்க அம்மாவே சொல்லுவாங்க."

"ஒரு தரப்பு மட்டும் சொன்னா எப்படி? வேற பிள்ளைங்களுக்கும் கருத்துச் சொல்ல அவகாசம் குடுக்கணும்."

டிட்லெவுக்கு இரண்டு தங்கைகள். இருவருக்கும் கடிதம் போயிற்று. ஒரு தங்கை எட்டுப் பக்கம் பதில் எழுதினாள். அதன் விளைவாக அந்த வரி 'அம்மாவுக்கு ஒரு பிள்ளை' என்று திருத்தப்பட்டது.

எப்பெ எதற்கும் சண்டை போடவில்லை. படகு போகட்டும், அம்மா போகட்டும், அவருக்கு நாலாவது கண்ணி பத்திரமாக இருந்தால் போதும். அதன் முறை வந்தது. அமைச்சரின் சிறப்பு ஆலோசகர் ஃப்ரெடெ, அதுவரை வாயே திறக்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தவர், தலை நிமிர்ந்தார்.

"இது இருக்கட்டும்" என்றார்.

"எது?"

"இந்தச் சாசேஜ் கண்ணி. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

எப்பெக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்த ஆளுக்கு விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு லவங்கப்பட்டை ரொட்டி கூடுதலாகத் தின்றார்.

ஊருக்குக் கிளம்ப எழுந்தவரை அக்னெத்தெ நிறுத்தினார்.

"இனிமே கட்சிங்க மட்டும்தான் பாக்கி."

"எந்தக் கட்சிங்க?"

"ஒப்பந்தக் கட்சிங்க. பாதுகாப்பு சம்பந்தமா எதுவா இருந்தாலும் அஞ்சு கட்சியும் சேந்துதானே முடிவு பண்றோம்? பீரங்கியோ பாட்டோ, எங்களுக்கு ஒண்ணுதான்."

அப்படியாக டிட்லெவின் பிறந்த நாள் பாட்டு பேச்சுவார்த்தைக்குப் போயிற்று. ஒரு கட்சி, கிரீன்லாந்தில் பட்டாளத்துக்குப் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு ஒரு கண்ணி வேண்டும் என்றது. "டிட்லெவ் அங்க போனதே இல்லையே" என்றார் எப்பெ. "அதுக்குத்தான் கேக்கறோம். பாட்டுலயாவது போகட்டும்" என்றார்கள். இன்னொரு கட்சி, மெட்டு அணிவகுப்பு மாதிரி இருக்கிறது, பக்கத்து நாடுகள் தப்பாக எடுத்துக்கொள்ளும், நடுவில் ஒரு சமாதானக் கண்ணி வரட்டும் என்றது. மூன்றாவது கட்சி சிக்கனக் கட்சி. புதிதாக ஒரு கண்ணி சேர்த்தால் பழைய கண்ணி ஒன்றை வெட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அதில் டிட்லெவின் இரண்டாம் மனைவியின் கண்ணி அடிபட்டது. நாலாவது கட்சி, பாட்டு ரொம்ப நீளம் என்று குறைப்பட்டது. அதே மூச்சில், தங்கள் கண்ணிகள் ரொம்பக் குறைவு என்றும் சொன்னது. ஐந்தாவது கட்சிக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது கிடைக்காவிட்டால் எழுந்து போய்விடுவோம் என்று அவர்கள் தினமும் சொன்னார்கள்.

கடைசியில் உடன்பாடு. நாடாளுமன்றப் படிக்கட்டில் ஐந்து தலைவர்களும் வரிசையாக நின்றார்கள். 'பரந்த, பொறுப்பான பாட்டு' என்று அறிக்கை வாசித்தார்கள். மொத்தம் பத்தொன்பது கண்ணி. பத்து கண்ணி விழாவன்று பாடப்படும். மீதி ஒன்பதும் அடுத்த பத்தாண்டுகளில், நிதிநிலையைப் பொறுத்து, படிப்படியாகப் பாடப்படும்.

"நாங்க கேட்டது முழுசாக் கிடைக்கல" என்றார் ஒரு தலைவர். "ஆனா யாருக்குமே எதுவும் முழுசாக் கிடைக்கல. அதுதான் இதோட அழகு."

டிவியில் இதைப் பார்த்த போடில் கேட்டாள்: "எப்பெ, இதுல உன்னுது எவ்வளவு மிச்சம்?"

"நாலு வரி."

"அந்த நாலு வரிதானா?"

"அந்த நாலு வரிதான்" என்றார் எப்பெ. சந்தோஷம் தாங்காமல் அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் பிரஷ் இலவசமாகக் கொடுத்தார்.

*

எப்பெயும் போடிலும் போய்ச் சேர்ந்தபோது விழா மண்டபத்தில் நானூறு பேர். மேஜையெல்லாம் சின்னச் சின்னக் கொடிகள். நடுவில் டிட்லெவ் உருவத்திலேயே ஒரு நீளமான கேக், பூட்ஸ் போட்ட கேக். எளிமை கருதி கேக்குக்குக் காவலாக இரண்டே சிப்பாய்கள்தான் நின்றார்கள். டிட்லெவ் பழைய ஸ்வெட்டரில் வந்தார். அந்த ஸ்வெட்டரின் முழங்கை ஓட்டையைச் சரியான அளவில் வைக்க ஒரு குழுவே உழைத்தது என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பெருமையாகச் சொன்னார்.

"எப்பெ! வந்துட்டியாடா!" டிட்லெவ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எப்பெ மரக்கட்டை மாதிரி நின்றார். ஆளைப் பாரு, தொப்பைகூட இல்லை. அறுபது வயதில் தொப்பை இல்லாமல் இருப்பதும் ஒரு பதவிதான் என்று பொருமினார்.

பாட்டு ஆரம்பித்தது. போதுமான படகு, அம்மாவுக்கு ஒரு பிள்ளை, எல்லாம் பாடி முடிந்தது. நாலாவது கண்ணி. தலைமைத் தளபதி, கடற்படைத் தளபதி, மார்பு நிறையப் பதக்கம் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று வாய் நிறையப் பாடினார்கள். 'நீ போ முன்னே என்றது டிட்லெவ்!' எப்பெ பாடவில்லை. டிட்லெவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இதோ, இப்போது சிவக்கும். இதோ, இப்போது கீழே குனியும்.

டிட்லெவ் அழுதார்.

அழுகை என்றால் சும்மா இல்லை, கண்ணீர் தாரையாக வழிந்து ஸ்வெட்டரில் சொட்டியது. கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். ஃப்ரெடெ எங்கிருந்தோ மைக்கை நீட்டினார். நாய்க் கண்ணியும் சமாதானக் கண்ணியும் அந்தரத்தில் நின்றன.

"இது உண்மைங்க" என்றார் டிட்லெவ். "எல்லாமே உண்மை. அந்த இடம் என்னுது. என் இடத்துல போய் எப்பெ நின்னான். என் பட்டாளத்த அவன் செஞ்சான். நாப்பது வருஷத்துக்கு மேல இது என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் போன வாரம் யாருக்கும் சொல்லாம, டிவிக்காரங்கள மட்டும் கூட்டிக்கிட்டு, எப்பெ இருந்த அதே முகாமுக்குப் போனேன்."

பின்னால் திரையில் படம் விழுந்தது. டிட்லெவ் ஒரு உருளைக்கிழங்கை உரிக்கிறார். இன்னொரு உருளைக்கிழங்கைப் பார்க்கிறார். மூன்றாவதைத் தோளில் தட்டிக்கொடுக்காத குறையாகக் கையில் ஏந்திச் சிரிக்கிறார். தலைமைத் தளபதி மேடை ஏறி, ஒருநாள் சேவையின் நினைவாக அவர் ஸ்வெட்டரில் ஒரு பதக்கப் பட்டையைக் குத்தினார். மண்டபம் எழுந்து நின்று மூன்று தடவை ஹுர்ரே சொன்னது, பிறகு நீளமாக ஒன்று.

எப்பெ கைதட்டாமல் திரையையே பார்த்தார். பத்து மாதம் உரித்தவர் அவர். அவருக்கு யாரும் பட்டை குத்தவில்லை. அந்தப் படத்தில் இருந்த உருளைக்கிழங்கு சரியாக உரிக்கப்படவும் இல்லை, தோலோடு பாதிக் கிழங்கு போயிருந்தது. அடப்பாவி, வாழ்க்கையில் என்னிடம் மட்டும் இருந்தது அந்தப் பட்டாளம் ஒன்றுதானே, அதையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டாயே என்று உள்ளே கதறினார்.

டிட்லெவ் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னிக்கி நான் ஒண்ணு ஒத்துக்கணும். இந்த நாட்டுல யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம். எனக்குப் பொறாமை. ஆமா, எனக்கு எப்பெயப் பாத்துப் பொறாமை! மந்திரியா இருந்தும் எனக்குத் தூக்கம் வரல. அவனோட அந்த முகாம் நாள் மேல பொறாமை. அவன் அப்பா குடுத்த பெயிண்ட் கடை மேல பொறாமை. அவன் எழுதற பாட்டு மேல பொறாமை. அவன் வளக்கற நாய், புஸ்தர், அது மேலகூடப் பொறாமை. எல்லாம் எங்கிட்ட இருக்கு, எப்பெகிட்ட இருக்கறது மட்டும் எங்கிட்ட இல்ல!"

மண்டபமே தேம்பியது. சிக்கனக் கட்சித் தலைவர் மூக்கைச் சிந்தினார். "என்ன மனுஷன்! என்ன நேர்மை!" என்று பக்கத்து அம்மா எப்பெயின் கையைப் பிடித்து அழுத்தினார். "நீ குடுத்து வெச்சவன்!"

நிருபர்கள் எப்பெயைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.

"எப்பெ, நாட்டோட பாதுகாப்பு அமைச்சர் உன்மேல பொறாமைப்படறாரு. உனக்கு என்னிக்காவது அவர்மேல பொறாமை இருந்திருக்கா?"

நாற்பது வருஷத்தில் ஒருவர்கூட அவரை இதைக் கேட்டதில்லை. பதில் மட்டும் எப்போதும் தயாராக இருந்தது. எப்பெ அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

"இருந்துச்சு! இருக்கு! வயிறு பத்தி எரியுது! அவன் மந்திரியானப்ப எரிஞ்சுது, சைக்கிள்ல போனப்ப எரிஞ்சுது, இப்ப அழுதானே, அதப் பாத்தும் எரியுது! அவன் என் சீட்டத் திருடினவன்! பொறாமைகூட என்னுதுதான், அதையும் திருடிட்டான்!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல்.

"பாத்தியா, பதிலுக்கு எப்படி மரியாதை பண்றான்!" என்றது கூட்டம். "அமைச்சர் தன்னத் தாழ்த்திக்கிட்டாரு, இவன் அதுக்கும் கீழ போயிட்டான்!"

"நெசமாத்தான் சொல்றேன்!" என்று எப்பெ கத்தினார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. டிட்லெவ் வந்து இன்னொரு தடவை கட்டிக்கொண்டார். காமிராக்கள் மின்னின. "நீ அன்னிக்கும் இப்படித்தான்டா, முன்னாடி நின்னு எனக்காக விட்டுக்குடுத்த" என்று காதில் சொன்னார். ஃப்ரெடெ பின்னாலிருந்து, அப்படியே இன்னொரு தடவை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி, என்று கேட்டுக்கொண்டார்.

*

திரும்பும் ரயில் கடல்மேல் போகும் பெரிய பாலத்தைத் தாண்டியபோது எப்பெ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிரே போடில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்ட இல்ல? இப்ப நிம்மதியா?"

"யாரும் நம்பல."

"நான் நம்பறேன். நாப்பது வருஷமா அந்த வயித்தெரிச்சலோடதானே குடித்தனம் பண்றேன்." அவள் காலை நீட்டிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும். அவன் உங்கிட்ட இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணாச் சொன்னான். கடை, பாட்டு, நாய். என் பேரச் சொன்னானா?"

எப்பெ யோசித்தார். முகம் சிவந்தது. "சொல்லல! நாய் பேரச் சொன்னவனுக்கு உன் பேரு வாயில வரலையா? உனக்கு என்ன குறைச்சலாம்? ராஸ்கல்!"

"அவன விடு. அவன் மந்திரி. நீ?"

"நானா?"

"அந்தப் பத்து மாசம் வீணாப் போச்சு, வீணாப் போச்சுன்னு வாராவாரம் சொல்றியே. அந்த முகாம் வாசல்ல ரொட்டிக் கடையில யாரு நின்னது? நாந்தானே? சரியான சீட்டு விழுந்திருந்தா நீ அந்தப் பக்கம் வந்திருப்பியா? வீணாப் போச்சுன்னு நீ சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் பின்னாடிதான் நின்னு சுவர்த்தாள் வெட்டிட்டிருக்கேன், எப்பெ. காது கேக்குது எனக்கு."

டிக்கெட் பரிசோதகர் வந்தார், எப்பெ இரண்டு டிக்கெட்டையும் எடுத்து நீட்டினார். வெளியே வயல்கள் ஓடின. பிறகு எங்கோ பார்த்தபடி கேட்டார்:

"அந்த ரொட்டிக் கடைக்கு என்னைத் தவிர வேற எவன் எவன் வருவான்?"

"ஏன்?"

"சும்மாதான் கேக்கறேன்."

"நிறையப் பேரு வருவானுங்க. ஒரு சார்ஜென்ட் தினம் வருவான். நல்ல உயரம். ரொட்டி வாங்கினா மிச்சச் சில்லறையக்கூடக் கேக்க மாட்டான்."

எப்பெ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த சார்ஜென்ட்? மீசை வெச்சவனா? அவன் பேரு என்ன?"

"இப்ப அது எதுக்கு உனக்கு?"

"சொல்லு போடில், பேரு என்ன? தினமும்னா, ஞாயித்துக்கிழமையுமா?"

வீடு போய்ச் சேரும்வரை எப்பெ அந்த சார்ஜென்டைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டுக்கொண்டு வந்தார். போடில் அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, நடுநடுவே சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள்.